பாலத்துக்காரி கேட்ட கேள்வி

"முடிஞ்சிடுச்சுக்கா."

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். "என்னது, கேஸா?"

"கேம்."

துண்டு தலையிலேயே நின்றது. திரையில் கறுப்புப் பின்னணியில் யார் யாருடைய பெயர்களோ கீழிருந்து மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தன. தம்பி வேலைக்குப் போன உடுப்பைக் கழற்றாமல் சோபாவில் கிடந்தான். குளிர்ப்பதனக் கிடங்கில் இரவு முழுக்க உறைந்த பெட்டிகளை ஏற்றி இறக்குகிறவன் அவன். வீட்டுக்கு வந்ததும் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருப்பான். விரலுக்கு உயிர் வரட்டும் என்று. இன்றைக்கு டம்ளர் காலியாகவே இருந்தது.

"எப்படிடா முடியும்? நேத்து சாயங்காலம் நான் விடும்போது மொட்டை கோட்டை வாசல்லதானே நின்னான்?"

"வந்ததும் உள்ள போய்ட்டேன். கறுப்பு ராஜா செத்துட்டான். அப்புறம் அதுவா படம் மாதிரி ஓடி, பாலத்துல கொண்டு வந்து விட்டுடுச்சு."

"பாலத்துலயா? பாலத்துக்காரி வந்தாளா?"

"வந்தா."

"ஏதாவது கேட்டாளா?"

தம்பி காலி டம்ளரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். "கேட்டா."

மொட்டை என்பது இவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவான வீரன். ஆட்டத்தின் தொடக்கத்தில் அவனுக்கு என்ன முடி வைப்பது என்று சண்டை வந்து, அக்கா சுருட்டை என்று சொல்ல, தம்பி குடுமி என்று சொல்ல, கடைசியில் யாருக்கும் வேண்டாம் என்று மொட்டையாகவே விட்டுவிட்டார்கள். ஆட்டப் பெட்டி அக்காவோடு வேலை செய்கிற வாயாடி கொடுத்தது. அவள் மகன் புதிதாக வேறு வாங்கிக்கொண்டான். பழைய பெட்டியில் இடம் இல்லை. ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் அது நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே மொட்டை, ஒரே உயிர். அவள் வேலையிலிருந்து வந்து கொஞ்ச நேரம் அவனை நடத்திக் கூட்டிப் போவாள். அவன் விடிந்து வந்து, அவள் விட்ட இடத்திலிருந்து எடுப்பான்.

அடி எடுத்து வைத்தால் ஒரு கேள்வி கேட்கிற ஆட்டம் அது. மாவு மில்காரனை மன்னிக்கவா, பிடித்துக் கொடுக்கவா? குதிரையை வாங்கவா, மருந்தை வாங்கவா? எதை அழுத்தினாலும் அதற்கு ஒரு விளைவு உண்டு. திரும்பிப் போய் மாற்ற முடியாது. அதனால் இவர்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: சின்ன விஷயம் என்றால் கையில் யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் இஷ்டம். பெரிய விஷயம் என்றால் நிறுத்திவிட்டு அடுத்தவருக்காகக் காத்திருக்க வேண்டும். அக்கா ஒருமுறை இருக்கிற பணத்தையெல்லாம் போட்டுக் குதிரை வாங்கிவிட்டாள். தம்பி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது சின்ன விஷயமா பெரிய விஷயமா என்பது இன்றுவரை தீரவில்லை.

"பெரிய விஷயம் கேட்டா நிறுத்தி வைக்கணும்னு சொல்லியிருக்கோம்ல?"

"நிறுத்த முடியலக்கா. மூலையில மணல் கடிகாரம் ஓடுச்சு. நான் தூங்கிட்டேன்."

"தூங்கிட்டியா!"

"நைட்டு பூரா நிக்கிறவன் தூங்க மாட்டானா? கண்ணத் தொறந்தா மணல் காலி."

"அவ என்ன கேட்டா, அதச் சொல்லு."

"'ராஜா செத்துட்டான், என் சத்தியம் தீர்ந்துடுச்சு. நான் போகவா, இருக்கவா?'ன்னு."

அக்கா சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். பாலத்துக்காரியை அவளுக்குத் தெரியும். ஆட்டத்தின் முதல் நாளிலிருந்து அந்தப் பாலத்தில் விளக்கை வைத்துக்கொண்டு, வருகிறவர்களை அக்கரை சேர்த்துக்கொண்டிருப்பவள். பாலத்தை விட்டு இறங்க மாட்டேன் என்று என்றோ சத்தியம் செய்து கொடுத்தவள். மொட்டை கடக்கும்போதெல்லாம் "வழியில் பசித்ததா?" என்று கேட்பாள். "பசிக்காம என்ன" என்று அக்கா திரையைப் பார்த்து வாய்விட்டே பதில் சொல்வாள். கடலைப் பார்த்ததில்லை என்று ஒருதரம் சொன்னாள். அதற்கு மொட்டை சொல்ல மூன்று பதில்கள் இருந்தன. மூன்றும் உப்புச் சப்பில்லாதவை.

"ஒண்ணும் சொல்லலேன்னா என்ன ஆகுது?"

"'உன் மௌனத்தைக் கேட்டுக்கொண்டேன். இருக்கிறேன்'னு சொன்னா. சொல்லிட்டு உக்காந்துட்டா. விளக்கு அணைஞ்சிருந்துச்சு, முந்தானையால கண்ணாடியத் தொடச்சுட்டு மறுபடி ஏத்தினா. பேர் ஓட ஆரம்பிச்சுடுச்சு." தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "விடுக்கா. இருக்காளே, அது நல்ல முடிவுதானே? சாகலையே?"

அக்கா துண்டைத் தலையிலிருந்து எடுத்தாள். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு பொம்மைக் கதைக்கு இத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள்.

"இன்னிக்கு என்னன்னு ஞாபகம் இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு."

"எங்க ஆலையில கரண்டுக்குப் பதில் சொல்லணும். ஒரு மாசமாக் காத்துட்டிருக்கார்."

"ம்."

"ம்-னா?"

"பஸ் போயிடும்க்கா."

*

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற சலவை ஆலையில் அக்காவுக்கு மடிப்பு வேலை. சூடான உருளைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் விரிப்பு வழவழவென்று வரும். ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, ஒரு உதறு உதறி, பாதியாக மடித்து, எதிரெதிரே நடந்து வந்து மூலைகளை ஒருத்தி கையில் ஒருத்தி ஒப்படைக்க வேண்டும். எதிரே எப்போதும் வாயாடிதான். நாளெல்லாம் நெருங்குவதும் விலகுவதுமாக இருப்பதால், அவர்கள் பேச்சும் கிட்டே வரும்போது ரகசியமாகவும் தள்ளிப் போகும்போது கத்தலாகவும் இருக்கும்.

அன்றைக்கு மூன்றாவது வண்டித் துணி வரும்போது அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வந்தது. கை இரண்டிலும் விரிப்பு. துடைக்க முடியவில்லை.

"யாரு செத்தா?" வாயாடி கிட்டே வந்து கேட்டாள்.

"யாரும் சாகல."

"தம்பியோட சண்டையா?"

"இல்லடி. பாலத்துக்காரி இருந்துட்டா."

வாயாடி மூலையை வாங்காமல் நின்றாள். உருளை அடுத்த விரிப்பைத் தள்ளியது. "அந்த கேம்லயா? அடி ஆத்தாடி. எம் புள்ள என்ன பண்ணான் தெரியுமா? 'போ'ன்னு அழுத்தினானாம். அவ ஒருதரம் கூடத் திரும்பிப் பாக்காம நடந்து போயிட்டாளாம். தட்டுல கைய வச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தான். எவளோ ஏமாத்திட்டான்னு நெனச்சு நான் விசாரணை வேற வச்சேன்."

அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"சிரி, சிரி. அவனுக்குப் போயிட்டான்னு அழுகை, உனக்கு இருந்துட்டான்னு அழுகை. அந்தப் பொம்பள என்னதான் பண்ணித் தொலைக்கணும்?" வாயாடி விலகிப் போய்க்கொண்டே குரலை உயர்த்தினாள். "நீதான் 'இரு'ன்னு அழுத்தினியா?"

"தம்பி. அழுத்தல. தூங்கிட்டானாம்."

"நல்லாத் தூங்கினான் போ. என் பையன் ஆடறப்ப நான் காதுல பஞ்சு வச்சுட்டுத்தான் தூங்கணும். ராஜா சாகற இடத்துல வீடே அதிருமே!"

விரிப்புகள் வந்தன. உதறினார்கள். நடந்தார்கள். உதறும்போது அக்காவின் தோள்பட்டையில் எப்போதும் வருகிற அந்த வலி வந்தது. இந்த வலிக்கு அவள் ஒரு பெயர் கூட வைக்கவில்லை, அவ்வளவு பழகியது. தூங்கினவனுக்குப் பாலத்துக்காரி விளக்குக் கண்ணாடியைத் துடைத்தது எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி, மடித்த துணிக்குள் மாட்டிய ஊசி மாதிரி, எங்கோ குத்திக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்க்க அவளுக்கு அப்போது தெம்பில்லை.

உருளையின் சூடு ஏறி இறங்குகிறது என்று எலக்ட்ரீசியன் வந்தார். அவரைத்தான் ஆலையில் எல்லோரும் கரண்டு என்பார்கள். மின்சாரத்துக்கும் அவர் சுபாவத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அவ்வளவு நிதானம். கம்பெனி வேறு ஊரில் புதிய ஆலை திறக்கிறது, ரயிலில் ஒரு பகல் பயணம். அவரை அங்கே போடுகிறார்கள். மடிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும். மனைவியைப் பறிகொடுத்துப் பல வருஷமான மனிதர், ஒரு மாதத்துக்கு முன்னால் உருளையைக் கழற்றிப் போட்டுவிட்டு அக்காவிடம் சொன்னார்: "அங்க ரெண்டு ரூம் வீடு ஒண்ணு பாத்திருக்கேன். எனக்கு ஒரு ரூமே தாராளம். மிச்சத்துக்கு யோசிச்சு சொல்லுங்க." அதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியாது என்று வாயாடி கூட ஒப்புக்கொண்டாள்.

அம்மா போனதிலிருந்து தம்பியை வளர்த்தது அக்காதான். அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, வேலையில் சேர்த்து, அவனுக்குப் பெண் பார்த்து, அந்தப் பெண் வேண்டாம் என்று போனபோது அவனோடு உட்கார்ந்து, இப்படியே வருஷங்கள் போய்விட்டன. அவளுக்கென்று ஒருவர் கேட்ட கேள்வி இது ஒன்றுதான். அதைக் கொண்டுபோய்த் தம்பியிடம் வைத்தாள். சாப்பாடு போடும்போது வைத்தாள், துணி உலர்த்தும்போது வைத்தாள். ஒவ்வொரு தடவையும் "ம்" என்றான்.

கரண்டு ஏதோ ஒரு திருகை இறுக்கினார். "மேனேஜர் இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவார்" என்றார், உருளையைப் பார்த்தபடி. "அதுக்குள்ள பேர் சொல்லிடணுமாம். நீங்க ஒரு போன் போட்டாப் போதும். போடலேன்னா நானே புரிஞ்சுக்கறேன்."

"என்னன்னு புரிஞ்சுப்பீங்க?"

"வரலேன்னு."

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அக்கா விரிப்பின் மூலையைப் பிடித்தபடி நின்றாள். எதிர்முனையில் வாயாடி, "அடியே, இழு" என்றாள்.

*

சாயங்காலம் நாலு மணி வாக்கில் வீட்டுக்கு வந்தபோது தம்பி தூங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் சோபாவில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். உடுப்பு மாற்றியிருந்தான், அவ்வளவுதான். திரையில் ஆட்டத்தின் முகப்பு: பாலம், மூடுபனி, சின்னதாக ஒரு விளக்கு.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"ஏன் தூங்கல?"

"தூக்கம் வரல."

"காலையில ராஜா வீட்டையே இடிச்சுட்டு சாகும்போது வந்துச்சாம், இப்ப வரலியாம்." அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். நாற்காலி வரைக்கும் போக முடியாது போலிருந்தது. "ஒண்ணு கேக்கறேன். தூங்கினவனுக்கு அவ விளக்கத் தொடச்சது எப்படிடா தெரியும்?"

தம்பி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணத் தொறந்தப்ப..."

"முந்தானையால தொடச்சான்னு சொன்ன."

தம்பி காலி டம்ளரை நகர்த்தி வைத்தான்.

"சொல்லு."

"முழிச்சுத்தான் இருந்தேன்."

"விரல் மரத்துப் போச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு." கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டான். "'போ'ங்கறதுல கட்டை விரல வச்சேன். அழுத்த வரல. 'இரு'ங்கறதுல வச்சேன். அதுவும் வரல. மணல் போயிட்டே இருக்கு. நான் ஒண்ணும் சொல்லலேன்னா அவளே ஏதாவது பண்ணிப்பான்னு நெனச்சேன்."

"பண்ணிட்டா."

"ஆமா."

"அவளே உக்காந்துட்டா. உனக்கும் நிம்மதி."

"நிம்மதின்னு யார் சொன்னா?" தம்பியின் குரல் உடைந்தது. "அவ விளக்க ஏத்தறப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. உன்கிட்ட போய் எப்படிச் சொல்றது? நான் உன்னைப் போகாதேன்னு சொல்லவே இல்லக்கா."

"போன்னும் சொல்லல."

"சொன்னா துரத்தற மாதிரி இருக்கும்ல? இத்தனை வருஷம் எனக்கு எல்லாம் செஞ்சுட்டு, கடைசியில நான் 'சரி, கெளம்பு'ன்னா..."

"இருன்னு சொல்லியிருக்கலாம்."

"அதுக்கு எனக்கு எந்த மூஞ்சி இருக்கு?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கோபம் வரும் என்று பஸ்ஸில் வரும்போது எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் ரத்தம் வேண்டும் போலிருக்கிறது. வந்ததெல்லாம் அந்தப் பாலத்துக்காரியின் மேல் ஒரு சலிப்பு.

"அவளச் சொல்லணும்" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"யார?"

"பாலத்துக்காரியத்தான். ராஜா செத்துட்டான். சத்தியம் தீர்ந்துடுச்சுன்னு அவளே சொல்றா. விளக்கு அவ கையில இருக்கு, காலு ரெண்டும் நல்லா இருக்கு. அப்புறம் எதுக்கு அந்த மொட்டைகிட்ட போய், போகவா இருக்கவான்னு கேக்கணும்? அவன் யாரு? குதிரை வாங்கறதுக்கே குடும்பத்துல சண்டை போட்டவன்."

"கேம் அப்படிக்கா. கேட்டாத்தான் நாம அழுத்த முடியும்."

"கேம் அப்படி. நான் ஏண்டா அப்படி?"

வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். உதை, நிறுத்தம், மறுபடி உதை.

"ஒரு மாசமா உன் தட்டுக்குப் பக்கத்துல அந்தக் கேள்விய வச்சுட்டு வச்சுட்டு எடுத்தேன். பதில் வராதுன்னு எனக்கும் தெரியும்டா. வராத வரைக்கும் நான் எழுந்திருக்க வேண்டாம்ல? இப்படியே உக்காந்துக்கலாம். உன்னால இருந்தேன்னு நாளைக்கு சொல்லிக்கலாம்." அவள் கையை நீட்டினாள். "அந்த போனை எடு."

"அக்கா..."

"உன்ன ஒண்ணும் கேக்கல. போனை மட்டும் எடு."

எடுத்துக் கொடுத்தான். மணி நாலரைக்கு மேல் ஆகியிருந்தது. மறுமுனையில் எடுத்ததும் உருளையின் இரைச்சல்தான் முதலில் கேட்டது.

"நான்தான்" என்றாள். "பேர் குடுத்துடுங்க."

"சரிங்க."

"சரின்னா?"

"சரிதாங்க. ஒரு கையில ஸ்க்ரூ டிரைவர், ஒரு கையில போன். இப்ப வேற என்ன சொல்ல வரும் எனக்கு?"

"எனக்கு அங்க விடிகாலை ஷிப்டு வேணாம். தோள்பட்டை போச்சு."

"சொல்லிடறேன்." ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஜன்னல் இருக்கற ரூம் உங்களுக்கு" என்றார்.

வைத்துவிட்டாள். பெரிதாக ஒன்றும் நடந்த மாதிரி இல்லை. மூச்சு கொஞ்சம் நீளமாக வந்தது. தம்பி சோபாவிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மூக்கை உறிஞ்சினான்.

"அழறியா?"

"சளி."

"ஆமா, சளி. கோல்ட் ஸ்டோரேஜ் சளி." அக்கா அவன் தலையில் தட்டினாள். "லீவு நாள்ல ரயிலேறி வா. அரிசிக்கு ரெண்டு டம்ளர் தண்ணி போதும், மூணு ஊத்தாத. குக்கர் விசில் வந்தா எழுந்து போய் அணைக்கணும், அதுவா அணையாது."

"தெரியும்."

"தெரியாது. தெரிஞ்சுக்குவ."

அக்கா திரையைப் பார்த்தாள். மூடுபனி ஒரே மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது.

"அவள மாத்த முடியாதா?" என்றாள் அக்கா.

"முடியாது. முதல்ல இருந்து ஆடணும். பழைய மொட்டை அழிஞ்சுடுவான்."

"எனக்குத் தெம்பில்லடா. ஆடணும்னா நீ ஆடு."

"அழிச்சுடட்டுமா?"

"அழி. பாவம், அவளும் எவ்வளவு நேரம்தான் உக்காந்திருப்பா."

தம்பி அழித்தான். புதிய ஆட்டம். குதிரைகளின் குளம்புச் சத்தம், காற்று, பிறகு வெறும் மேடையில் ஒரு வீரன், முகம் தெளியாமல். முதல் கேள்வி முடிதான்.

"சுருட்டை வைக்கட்டுமாக்கா? உனக்குப் பிடிச்சது."

பதில் இல்லை.

"அக்கா, குடுமியா சுருட்டையா? சொல்லு."

திரும்பிப் பார்த்தான். சுவரில் சாய்ந்தபடியே அவள் தூங்கிப் போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆலையின் சோப்பு வாசனை அவள் மேலிருந்து வந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவள் தோளுக்கும் சுவருக்கும் நடுவே, எழுப்பாமல், செருகினான்.

திரையில் வீரன் தலையில் முடி இல்லாமல் பதிலுக்காகக் காத்திருந்தான். இந்தக் கேள்விக்கு மணல் கடிகாரம் கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பான்.

தம்பி ஒலியைக் குறைத்தான். பிறகு, யாரையும் கேட்காமல், குடுமியை அழுத்தினான்.